நான்காவது பந்து காட்டிக்கொடுத்தது ஏன்?

கேள்வி: சேலத்தில் ஒரு மகளிர் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். எங்கள் பேஸ்பால் அணி சென்ற மாதம் அரையிறுதியில் ஒரு ரன் முன்னிலையில் இருந்தது. கடைசி இன்னிங்ஸ். எதிரணியில் இரண்டு பேர் அவுட். இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் ஆட்கள். எண்ணிக்கை மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்: இன்னொரு பால் என்றால் வாக், பேட்டர் முதல் பேஸுக்கு நடந்துவிடுவாள்; இன்னொரு ஸ்ட்ரைக் என்றால் அவுட். எங்கள் பிட்சர் தொடர்ந்து மூன்று வேகப்பந்து போட்டாள். மூன்றையும் பேட்டர் கோட்டுக்கு வெளியே தட்டி ஃபவுல் ஆக்கினாள்; எண்ணிக்கை மாறவில்லை. நான்காவதாகச் சேஞ்சப், அதாவது வேகப்பந்துபோல ஏமாற்றி வரும் மெதுவான பந்து, போடும்படி சைகை காட்டியது நான்தான். பந்து இடதுபுற இடைவெளியில் போய்விட்டது. இரண்டு ரன், தோல்வி. 'வேகம் கையில் இருக்கும்போது மெதுவாகப் போடச் சொன்னது யார்' என்று நிர்வாகம் முதல் பெற்றோர் வரை கேட்கிறார்கள். அந்தப் பெண்ணின் சேஞ்சப் இப்போது முன்னைவிட நன்றாகத் தேறியிருக்கிறது. இனி அதை அதிகம் போடலாமா? அந்தப் பேட்டரை அடிக்கவிடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டிருக்க வேண்டுமா? மட்டையைச் சுழற்றாமல் பந்தை மெல்லத் தட்டிவிடும் பண்ட் எப்போது ஆடுவது? ஆட்டக் கோட்பாடு இதற்கெல்லாம் உதவும் என்கிறார்களே, உண்மையா? எங்கள் மாற்று ஆட்டக்காரி ஒருத்தி பந்துக்குப் பந்து 'வே', 'மெ' என்று குறித்துவைத்த நோட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள பயிற்சியாளருக்கு, உங்கள் கடிதத்தைவிட அந்த நோட்டைத்தான் அதிக நேரம் படித்தேன். குறித்த பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். கேட்ட கேள்விகளுக்கு மட்டுமல்ல, நீங்கள் கேட்காத ஒன்றுக்கும் அதில் பதில் இருந்தது.

முதலில் ஒரு பழைய கதை. அயோத்தியாப்பட்டணத்தில் என் பாட்டி வீட்டுத் திண்ணையில் 'ஒற்றையா இரட்டையா' ஆடுவோம். உள்ளங்கையில் புளியங்கொட்டையை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். எதிரில் இருப்பவர் சரியாகச் சொல்லிவிட்டால் கொட்டை அவருக்கு. பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் என் கொட்டை முழுவதும் அவர் முந்தானையில் இருக்கும். எப்படி என்று பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. இரண்டு முறை ஒற்றை பிடித்தால் மூன்றாவது முறை எனக்குக் கை கூசும், இரட்டைக்கு மாறிவிடுவேன். மாறி மாறிப் பிடிப்பதுதான் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டி என் முகத்தைப் பார்க்கவே இல்லை; நான் எத்தனை முறை ஒன்றையே பிடித்தேன் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்தத் திண்ணை ஆட்டம்தான் நீங்கள் கேட்கும் கோட்பாட்டின் விதை. கணித மேதை ஜான் வான் நாய்மன் 1928இல் நிறுவிய தேற்றம் இப்படிப்பட்ட ஆட்டங்களைப் பற்றியது: ஒருவர் வென்றது அப்படியே மற்றவர் தோற்றது என்ற நிலையில், எதிராளி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் நம்மிடம் பறிக்க முடியாதபடி ஆட ஒரு வழி உண்டு. பல ஆட்டங்களில் அந்த வழி, ஒன்றையே செய்வதல்ல, குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து செய்வது. 1950ஆம் ஆண்டையொட்டி ஜான் நாஷ், யாரும் தனியாகத் தன் ஆட்டத்தை மாற்றிப் பயனில்லை என்ற இந்தச் சமநிலைக் கருத்தை எல்லா வகை ஆட்டங்களுக்கும் விரித்தார். 1994இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

எல்லா ஆட்டமும் பகை ஆட்டமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழப்பம் வரும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டுநர்கள் ஹாரன் அடிப்பது எதற்கு? எதிரில் வருபவருக்குத் தன் எண்ணத்தைத் தெரிவிக்க. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடும் என்பது இருவருக்கும் தெரிந்திருப்பதுதான் இருவருக்கும் பாதுகாப்பு. அங்கே நம் அடுத்த செயலை எதிராளி ஊகிக்க முடிந்தால் நல்லது. பிட்சருக்கும் பேட்டருக்கும் நடுவில் அப்படியே தலைகீழ். வளைவில் ஹாரன் அடிப்பதுபோல உங்கள் பெண் நான்காவது பந்துக்கு முன்னால் ஹாரன் அடித்துவிட்டாள். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது கணக்கு. உண்மையான எண்கள் நம்மிடம் இல்லை. புரிவதற்காக வட்டமாகச் சில எண்களை வைத்துக்கொள்கிறேன். பேட்டர் வேகத்தை எதிர்பார்த்து நிற்கிறாள், வேகமே வருகிறது: பத்துக்கு நான்கு முறை அடி விழும். அதே எதிர்பார்ப்பில் மெதுவான பந்து வந்தால் ஒரு முறைதான். மெதுவானதை எதிர்பார்த்து நிற்பவளுக்கு மெதுவானதே வந்தால் ஐந்து; வேகம் வந்தால் இரண்டு.

எப்போதும் வேகமே போட்டால் பேட்டர் அதையே எதிர்பார்ப்பாள், பத்துக்கு நான்கு அடி. பாதிக்குப் பாதி போட்டால் அவள் மெதுவானதற்குக் காத்திருந்து மூன்றரை எடுப்பாள். மூன்று பந்துக்கு இரண்டு வேகம், ஒன்று மெது என்று போட்டுப் பாருங்கள். வேகத்தை எதிர்பார்ப்பவளுக்கு நான்கு, நான்கு, ஒன்று: கூட்டினால் ஒன்பது, மூன்றால் வகுத்தால் மூன்று. மெதுவானதை எதிர்பார்ப்பவளுக்கு இரண்டு, இரண்டு, ஐந்து: அதுவும் ஒன்பது, அதுவும் மூன்று. எதை எதிர்பார்த்து நின்றாலும் அவளுக்கு ஒரே பலன்தான். ஊகித்துப் பயனில்லை என்ற நிலைக்கு அவளைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் கலப்பின் வேலை. விகிதத்தை நிர்ணயிப்பது 'நமக்கு எந்தப் பந்து நன்றாக வருகிறது' என்ற ஒன்று மட்டுமல்ல என்பதைக் கவனியுங்கள். அவள் ஊகம் எங்கே பலிக்கிறது, எங்கே பலிக்கவில்லை என்பதுதான் தராசின் முள்.

உங்கள் சேஞ்சப் கேள்விக்கு வருவோம். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் இதற்கு எல்லாரும் சொல்லும் பதில் பாதி நேரம் தவறு. பந்து தேறிவிட்டது, ஆகவே அதிகம் போடு என்பார்கள். தேறியது எந்த வகையில் என்று முதலில் கேட்க வேண்டும்.

வேகப்பந்தின் அதே கைவீச்சில் இப்போது சேஞ்சப் வருகிறது, வேகத்தை எதிர்பார்த்தவள் முன்னைவிட மோசமாக ஏமாறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 'ஒன்று' பூஜ்யமாகிறது. இனி சமநிலை எங்கே? ஏழு பந்துக்கு ஐந்து வேகம், இரண்டு மெது. வேகத்தை எதிர்பார்ப்பவளுக்கு ஐந்து நான்கு இருபது. மெதுவானதை எதிர்பார்ப்பவளுக்குப் பத்தும் பத்தும் இருபது. முன்பு 21 பந்துக்கு ஏழு சேஞ்சப், இப்போது ஆறு. பந்து தேறியது, எண்ணிக்கை குறைந்தது! காரணம் எளிது. ஏமாறினால் அடியோடு போய்விடும் என்ற பயத்தில் பேட்டர் மெதுவானதற்கே காத்து நிற்கத் தொடங்குவாள். அந்தக் காத்திருப்பைத் தண்டிக்க வேகம் கொஞ்சம் கூட வேண்டும். தேறிய சேஞ்சப்பின் லாபம் பாதி, நீங்கள் போடாத சேஞ்சப்பிலிருந்து வருகிறது.

மாறாக, அவள் காத்திருந்தாலும் அடிக்க முடியாத அளவுக்குப் பந்து கடைசி நேரத்தில் கீழே இறங்குகிறது என்றால், ஐந்து நான்காகிறது. அப்போது ஐந்து பந்துக்கு மூன்று வேகம், இரண்டு மெது. இரண்டு பக்கமும் பதினான்கு. முன்பு 15க்கு ஐந்து போட்டவள் இனி ஆறு போடலாம். உங்கள் பெண் எந்த வகை? வலைப்பயிற்சியில் ஒரு சோதனை வையுங்கள். 'அடுத்தது மெதுவானது' என்று பேட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு இருபது பந்து போடச் சொல்லுங்கள். சொல்லியும் அடிக்க முடியவில்லை என்றால் இரண்டாம் வகை. சொன்னால் விளாசுகிறார்கள், சொல்லாவிட்டால் திணறுகிறார்கள் என்றால் முதல் வகை, சேஞ்சப்பைக் கொஞ்சம் குறையுங்கள்.

இனி அந்த நான்காவது பந்து. சேஞ்சப் போடச் சொன்னது தவறா? தவறல்ல. முதல் பேஸ் காலியாக இருந்தது. பந்து வெளியே போய் வாக் ஆனாலும் ரன் இல்லை, அடுத்த பேட்டர்தான் வருவாள். ஆகவே மூன்று பால் என்ற பயம் அந்த நேரத்தில் வழக்கத்தைவிடக் குறைவு. சேஞ்சப்புக்கு எதிராக ஒரே ஒரு நியாயம் சொல்லலாம்: பந்து மண்ணில் பட்டுக் கேட்சரைத் தாண்டினால் மூன்றாவது பேஸில் இருப்பவள் வந்து சமன் செய்துவிடுவாள். உங்கள் கேட்சர் நம்பகமானவள் என்றால் அதுவும் பெரிய தடையல்ல. வேகம் போட்டிருந்து அடி விழுந்திருந்தால், 'மூன்று வேகத்தைத் தொட்டவளுக்கு நான்காவதும் வேகமா' என்று அதே பெற்றோர் கேட்டிருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நோட்டைப் பாருங்கள். பருவம் முழுவதும் 'வே வே வே' என்று மூன்று வந்த இடங்களில், அடுத்தது ஏறக்குறைய எல்லா இடத்திலும் 'மெ'. நான்கு 'வே' சேர்ந்து வந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உண்மையாகவே குலுக்கிப் போட்டால், எந்த நான்கு பந்தை எடுத்தாலும் நான்கும் வேகமாக இருக்கும் வாய்ப்பு 81இல் 16, அதாவது ஐந்தில் ஒன்று. மூன்று வேகத்துக்குப் பிறகும் நான்காவது வேகமாக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருந்தாக வேண்டும். உங்கள் மொத்த விகிதம் சரியாகவே இருக்கிறது, வரிசைதான் கெட்டிருக்கிறது. அந்த பேட்டர் உங்களோடு ஏற்கெனவே ஆடியவள். என் பாட்டிக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

இதற்காக அந்தப் பெண்ணையோ உங்களையோ நொந்துகொள்ளாதீர்கள். பொருளாதார ஆய்வாளர்கள் கென்னத் கோவாஷும் ஸ்டீவன் லெவிட்டும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் உச்சத் தொடரான மேஜர் லீக் பேஸ்பாலில் வீசப்பட்ட 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பந்துகளை ஆராய்ந்தார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற பிட்சர்களிடமும் இதே நோய்: ஒரு வகைப் பந்து போட்டால் அடுத்ததை மாற்றிவிடும் பழக்கம், தற்செயலாக நடக்க வேண்டியதைவிட அதிகம். கூடவே இன்னொன்று: வேகப்பந்தை அளவுக்கு மீறிப் போடுகிறார்கள். இவற்றைத் திருத்தினால் ஓர் அணிக்கு ஆண்டுக்கு இரண்டு வெற்றி வரை கூடலாம் என்பது அவர்களின் தோராயக் கணக்கு. 162 ஆட்டம் கொண்ட பருவத்தில் இரண்டுதானா என்று தோன்றும். தகுதிச் சுற்றுக்குள் நுழைவதும் வெளியே நிற்பதும் பல வருடம் அந்த இரண்டில்தான்.

வேகத்தை ஏன் அதிகம் போடுகிறார்கள்? என் ஊகம், பழிக்குப் பயந்து. வேகப்பந்தில் அடி வாங்கினால் பேட்டர் கெட்டிக்காரர் என்பார்கள். மெதுவான பந்தில் வாங்கினால் பிட்சர் முட்டாள் என்பார்கள். உங்களுக்கு நடந்ததும் அதுதானே.

'எங்கள் ஊர் நடராஜன் யார்க்கரையே போட்டு முன்னுக்கு வரவில்லையா, கலப்பு எதற்கு' என்று உங்கள் மாணவிகள் கேட்கக்கூடும். சின்னப்பம்பட்டிக்காரரைச் சொல்லாமல் சேலத்தில் பந்துவீச்சைப் பற்றிப் பேச முடியாது. பேஸ்பாலில் அதைவிடப் பெரிய உதாரணம் நியூயார்க் யாங்கீஸ் பிட்சர் மரியானோ ரிவேரா. கடைசி நேரத்தில் பக்கவாட்டில் விலகும் கட்டர் என்ற ஒரே பந்தை நம்பி 652 ஆட்டங்களைக் காப்பாற்றி முடித்துக்கொடுத்தார். 2019இல் ஒரு வாக்குக்கூடக் குறையாமல் புகழ் மண்டபத்துக்குத் தேர்வானார். இது கோட்பாட்டுக்கு விரோதமல்ல. எதிர்பார்த்து நின்றாலும் ஒரு பந்து மற்றெல்லாவற்றையும்விட மேல் என்றால் கலக்கவே தேவையில்லை. அப்போதும் அவர் உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதை மாற்றிக்கொண்டுதான் இருந்தார். ஊகம் அங்கே பந்தின் வகையில் இல்லை, இடத்தில் இருந்தது. உங்கள் பெண்ணின் வேகப்பந்து இன்னும் அந்த நிலையில் இல்லை. மூன்று முறை அதைத் தொட்டுவிட்டாள் அந்த பேட்டர்.

வேண்டுமென்றே நடக்கவிடுவது பற்றி. அடுத்து வரவிருந்தவள் பலவீனமானவள் என்று நோட்டின் ஓரத்தில் எழுதியிருக்கிறது. அப்படியானால் முதல் பந்துக்கு முன்பே அதைப் பற்றி முடிவு செய்திருக்கலாம். மூன்று பேஸும் நிரம்பினால் எந்த பேஸிலும் தொட்டு அவுட் ஆக்கலாம் என்ற லாபம் உண்டு. நஷ்டம், அதற்குப் பிறகு ஒரு வாக் கொடுத்தால் ஆட்டம் சமன். அடுத்தவளிடம் உங்கள் பெண் நேராகப் போட முடியுமா என்பதுதான் விஷயம். இதில் துணிச்சலின் எல்லை 1998 மே 28: அரிசோனா அணி இரண்டு ரன் முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பேஸும் நிரம்பியிருக்க, அதிரடி பேட்டர் பாரி பாண்ட்ஸை வேண்டுமென்றே நடக்கவிட்டார் மேலாளர் பக் ஷோவால்டர். ஒரு ரன்னைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அடுத்தவர் அடித்த பந்து நேராக வலதுபுறக் களத்தடுப்பாளர் கைக்குப் போனது; 8-7 என்று வென்றார்கள். அது இன்னும் ஓரடி தள்ளிப் போயிருந்தால் ஷோவால்டருக்கும் உங்களுக்கு வந்ததுபோல் நிர்வாகத்திடமிருந்து கேள்வி வந்திருக்கும். 2004இல் பாண்ட்ஸை 120 முறை வேண்டுமென்றே நடக்கவிட்டார்கள். எல்லா அணிகளும் பைத்தியம் பிடித்து அப்படிச் செய்யவில்லை. உங்கள் அரையிறுதியில் நான் இருந்தால் நடக்கவிட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன், ஆனால் அது இரண்டும் இரண்டும் நாலு என்பதுபோன்ற நிச்சயமில்லை.

பண்ட் சுருக்கமாக. மேஜர் லீக் கணக்கில், முதல் பேஸில் ஆள், அவுட் இல்லை என்ற நிலையிலிருந்து அந்த இன்னிங்ஸில் சராசரியாக 0.9ஐ ஒட்டி ரன் வரும்; ஓர் அவுட்டைப் பலி கொடுத்து ஆளை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினால் 0.7ஐ ஒட்டித்தான். ஆகவே வழக்கமாகப் பலி பண்ட் நஷ்டம். ஒரே ஒரு ரன் போதும் என்ற கடைசி நேரத்தில் நியாயம் மாறலாம். ஆனால் எப்போதுமே ஆடாத அணியாகவும் பெயர் வாங்காதீர்கள். எப்போதாவது ஆடுவீர்கள் என்று தெரிந்தால் மூன்றாவது பேஸைக் காக்கும் எதிரணிக்காரி இரண்டடி முன்னே வந்து நிற்பாள். அவள் பின்னால் திறக்கும் இடைவெளிதான் பண்டின் உண்மையான வருமானம்.

செய்ய வேண்டியது என்ன? மனதால் குலுக்க யாராலும் முடியாது. நானும் முயன்று தோற்றவன். லூடோ பகடை ஒன்று வாங்குங்கள். ஆட்டத்துக்கு முந்தைய இரவு அறுபது, எழுபது முறை உருட்டி, ஒன்று முதல் நான்கு வரை விழுந்தால் 'வே', ஐந்தோ ஆறோ விழுந்தால் 'மெ' என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். கேட்சர் அதை மணிக்கட்டுப் பட்டையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பந்துக்கும் வரிசைப்படி சைகை காட்டட்டும். மூன்று பால், ஸ்ட்ரைக் இல்லை என்பதுபோன்ற நிலைகளுக்கு விகிதம் வேறாக வேண்டும். அதற்குத் தனித் தாள். ஐந்து வேகம் தொடர்ந்து வந்தால் தாளை மாற்றச் சொல்லிக் கை துறுதுறுக்கும். மாற்றாதீர்கள். அந்தத் துறுதுறுப்புதான் நோட்டில் தெரிந்த நோய்.

ஒரு விதிவிலக்கு. எதிரில் நிற்பவள் முதல் முறை பேஸ்பால் மட்டை பிடித்தவள், எது வந்தாலும் வேகத்துக்கே மட்டையைச் சுழற்றுகிறாள் என்றால் தாளை மடித்து வைத்துவிட்டு மெதுவானதையே போடுங்கள். சமநிலை என்பது கெட்டிக்காரருக்கு எதிரான காப்பு; ஏமாளிக்கு எதிராக அது வெறும் தர்மம். அவள் நிலையை மாற்றிக்கொண்ட பந்திலேயே தாளுக்குத் திரும்ப வேண்டும்.

கடைசியாக, கடிதத்தின் பின்குறிப்பில் ஒரு கவலை: அந்த எதிரணிப் பயிற்சியாளரும் இந்தப் பகுதியைப் படிப்பவராம். படிக்கட்டும். இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் அவருக்குத் தெரிந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. தெரிந்தும் செய்ய முடியாதபடிதான் அந்த விகிதமே அமைகிறது. தெரியக்கூடாதது அடுத்த பந்து மட்டும். 2017இல் ஹூஸ்டன் அணி கேமராவால் எதிரணிக் கேட்சரின் சைகையைப் பிடித்து, மெதுவான பந்து வரும்போது குப்பைத் தொட்டியைத் தட்டி பேட்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. 2020இல் 50 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. சைகையே வேண்டாம் என்று 2022 முதல் மேஜர் லீக்கில் பொத்தானை அழுத்திக் காதில் சொல்லும் கருவி வந்துவிட்டது. நமக்கு அது கட்டுப்படியாகாது. தாள் கட்டிய பட்டையைக் கேட்சர் மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டிக்கொள்ளட்டும். மூன்றாவது பேஸில் நிற்பவள் கண்ணுக்கு அது எட்டாது.